மூன்றடித் தடி

சேசு மரி சூசை துணை

குருநகர்,
20.11.2023

அன்புத் தங்கச்சி யசிந்தாவுக்கு அக்கா மரியநாயகி எழுதுவது.

மாதாவின் காவலில் வீட்டில் எல்லோரும் நல்ல சுகம். மலைக்குளிர் உன் நெஞ்சைப் பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன்.

முதலில் பிள்ளைகளின் புதினம். மகள் பெற்ற மூன்றும் இந்த வருடம் என்னைத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வைத்துவிட்டன. கடைக்குட்டி கிறிஸ்ரோபர் புலமைப்பரிசில் சோதினையில் நூற்றைம்பத்தொன்று எடுத்திருக்கிறான். நான் படிப்பை விட்ட ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு அவன் பள்ளிக்கூட வாசலில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் தொங்கவிட வைத்திருக்கிறான். டிலக்ஷிக்குத் தாதிமார் பயிற்சிக்கு இடம் கிடைத்து, தை மாதம் போகிறாள். மூத்தவன் றெஜி ஒட்டுவேலைப் பட்டறை போட்டு வள்ளங்களுக்கு இரும்பு வேலை செய்கிறான். பருத்தித்துறையிலிருந்தும் ஆட்கள் தேடி வருகிறார்கள். இதை அங்கே மடத்தில் உள்ள சிஸ்ரர்மாருக்கும் வாசித்துக் காட்டு. மதருக்கும் காட்டலாம்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். இரண்டு பக்கம் ரோசாச் செடியைப் பற்றி எழுதி, நடுவில் ஒரே ஒரு வரி வைத்திருந்தாய். முழங்காலில் இருந்து எழும்பக் கஷ்டப்படுகிறவர் கோயில் நிலத்தை மினுக்க வேண்டாம் என்று புது மதர் சொன்னாராம். பாஸ்காவுக்குப் பிறகு உன்னைக் கொழும்புப் பக்கத்தில் உள்ள வயோதிப சிஸ்ரர்மாரின் வீட்டுக்கு அனுப்ப யோசிக்கிறாராம். அந்த வரியை நாலு தரம் வாசித்தேன். இருபத்தேழு வயதிலிருந்து அந்த நிலத்தை மினுக்கினவள் நீ. நாற்பத்தொரு வருடம். அதை விட்டால் உன் கையை எங்கே வைப்பாய் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாதபடியால்தான் ரோசாவைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

ஆகவே ஒன்று செய்யப் போகிறேன். முழங்கால் போடாமல், நின்றபடியே தூசும் எடுத்து மினுக்கியும் விடுகிற ஒரு மொப். கடையில் இருக்கிற மொப்பெல்லாம் பார்த்தாயிற்று. அவை தண்ணீர் பூசும், தூசை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கொண்டுபோகும், மினுக்காது. தூசு எடுக்க ஒன்று, மினுக்க இன்னொன்று என்று இல்லாமல் இரண்டு வேலைக்கும் ஒரே தடி வேண்டும்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவும்: கோயிலில் சனம் குந்தியிருக்கிற வாங்கு எத்தனை, வாங்குக்கும் நிலத்துக்கும் இடையில் எத்தனை அங்குலம், என்ன பொலிஷ் பூசுகிறீர்கள், நிலத்திலிருந்து உன் தோள் எவ்வளவு உயரம்.

உங்கள் அடைப்பு மடத்தில் ஃபோன் பேச விடமாட்டார்கள், மாதத்துக்கு ஒரு கடிதம்தான் என்பது தெரியும். அந்த ஒன்றை எனக்கு எழுது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உன் அக்கா,
மரியநாயகி

*

மடம்,
28.11.2023

அன்பான அக்காவுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உங்களோடு இருப்பதாக. நான் சுகம். உங்கள் சீனி வருத்தம் எப்படி? மருந்தை நேரத்துக்கு எடுக்கிறீர்களா?

பிள்ளைகளின் செய்தியைச் சாப்பாட்டு மேசையில் வாசித்தோம். மதரும் கேட்டார். கிறிஸ்ரோபரின் புள்ளியை நீங்கள் விரும்புவீர்கள் என்று இரண்டு தரம் சொன்னேன்.

வாங்கு இருபத்துநாலு. இடைவெளி ஒன்பது அங்குலம். சிவப்புச் சீமெந்து நிலம், ரின்னில் வருகிற சிவப்பு மெழுகுப் பொலிஷ். துணியால் பூசி, காய்ந்தபிறகு தேங்காய் மட்டையால் தேய்க்கிறேன். என் தோள் நாலடி. உங்கள் ஞாபகத்தில் கூடவாக இருந்தால் அது அளவுநாடாவின் பிழை.

ஞாயிற்றுக்கிழமை திருவருகைக்காலம் தொடங்குகிறது. நத்தார் வரை நாங்கள் கடிதம் எழுதுவதுமில்லை, வருகிறதைப் பிரிப்பதுமில்லை. நீங்கள் வீணாக அலைய வேண்டாம். எல்லாம் ஆண்டவர் சித்தம்.

உங்கள் தங்கச்சி,
யசிந்தா

*

குருநகர்,
14.12.2023

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். நத்தார் முடியத்தான் இதைப் பிரிப்பாய் என்று தெரிந்தும் பார்சலுக்குள் வைக்கிறேன். மொப்பை மட்டும் மதர் முன்னுக்கே பிரிக்கலாம், அது கடிதம் இல்லையே.

எப்படிச் செய்தேன் என்று கேள். பலகை, அரியாலையில் வள்ளம் கட்டுகிற குகதாசன் சீவித் தந்தது. பதினாறு அங்குலம் நீளம், ஐந்து அங்குலம் அகலம், வள்ளத்தின் மூக்குப்போல முன்பக்கம் வளைவு. வாங்குக் காலைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போகும். தடியும் பலகையும் சேருகிற இடத்தில் றெஜி ஒரு பிணைச்சல் ஒட்டித் தந்தான். தடியைச் சாய்த்தால் பலகை நிலத்தோடு படுத்தபடி வாங்குக்கு அடியில் போகும்.

மினுக்குவதற்கு அழுத்தம் வேண்டும். அழுத்தத்துக்குத்தானே நீ முழங்காலில் இருக்கிறாய். அதனால் பலகையைக் குடைந்து வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு எட்டு இறக்கியிருக்கிறேன். பாரத்தை அது பார்த்துக்கொள்ளும், நீ தள்ளினால் போதும். அடியில் பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்துத் திரித்த நூல். அதைப் பலகையோடு நைலோன் நூலால் வலை முடிகிற மாதிரி முடிந்திருக்கிறேன். நாற்பது வருடம் வலை முடிந்த கை, கடலே அவிழ்க்காத முடிச்சு.

முடிந்துகொண்டு இருக்க றெஜி வந்து நின்று பார்த்தான்.

"அம்மம்மா, உது மொப்போ வலையோ? நிலம் துடைக்கப் போறியளோ, மீன் பிடிக்கப் போறியளோ?"

"நிலத்திலை மீன் கிடந்தால் அதுவும் வரட்டும், நீ உன்ரை பிணைச்சலைப் பார்" என்றேன்.

மகளின் வீட்டு மாபிள் நிலத்தில் மூன்று நாள் போட்டுப் பார்த்தேன். பிறகு அயலில் ஐந்து வீட்டில். குனிந்து பார்த்தால் முகம் தெரிகிறது. ஒரு வீட்டில் தரச் சொல்லிக் கேட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டேன். இது மடத்துக்குப் போகிற சாமான்.

தடி நாலடி எட்டு அங்குலம். நாலடி என்று நீ எழுதினதை நான் நம்பவில்லை.

நத்தார் ஆசீர்வாதங்களுடன்,
அக்கா

*

மடம்,
29.12.2023

அன்பான அக்காவுக்கு,

பிறந்த பாலன் உங்கள் வீட்டை நிறைப்பாராக. நான் சுகம். குளிர் இந்த வருடம் கொஞ்சம் கடுமை.

மொப் வந்த அன்றே எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். வாங்குக்கு அடியில் அது போகிற அழகைப் பார்த்து மதர்கூடச் சிரித்தார். நாற்பது வருடமாக என் கை எட்டாத சுவர்மூலையில் இருந்த தூசெல்லாம் வந்தது. றெஜிக்கும் அந்தத் தச்சருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்.

அடியில் உள்ள நைலோன் முடிச்சு மட்டும் கொஞ்சம் கடினம். எங்களுடையது மாபிள் அல்ல, மெழுகு பூசின நிலம். இருபத்துமூன்றாம் திகதி, நடுப்பாதையில் கோடு கோடாக விழுந்ததை மதர்தான் முதலில் கண்டார். நத்தார்ப் பூசைக்கு ஆயர் வருவதாக இருந்தது. பயப்பட வேண்டாம், பூசைக்கு முன் எல்லாக் கோட்டையும் கையால் அழித்துவிட்டேன். ஆயர் ஒன்றும் காணவில்லை.

சிறியவனுக்கு என் முத்தம்.

யசிந்தா

*

குருநகர்,
6.1.2024

தங்கச்சி,

நாங்கள் சுகம். உன் சுகத்தைத்தான் இந்தக் கடிதம் முழுக்கக் கேட்கப் போகிறேன்.

கையால் அழித்தேன் என்றால் என்ன? கை மட்டும் தனியே போய் நிலத்தில் வேலை செய்யாது. கை போக வேண்டுமென்றால் முழங்கால் போக வேண்டும். நடுப்பாதை எத்தனை அடி நீளம்? இரண்டு நாளாக அப்படியே இருந்தாயா? எழும்ப ஏலுமாக இருந்ததா? யார் பிடித்து எழுப்பினது?

மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "அம்மா, மெழுகு நிலத்திலை ஒருக்கால் போட்டுப் பார்த்திருக்கலாமே" என்றாள். அவள் சொன்னது சரி. ஆனால் குருநகரில் இப்போது மெழுகு நிலம் எங்கே கிடக்கிறது. எல்லோரும் மாபிள் பதித்துவிட்டார்கள். நைலோன் என்றால் உக்காது, அறாது என்று மட்டும்தான் எனக்குப் புத்தி போனது. வலைக்காரியின் புத்தி.

அன்று தொடக்கம் நான் கதிரையில் இருக்கவில்லை. நைலோன் முழுவதையும் வெட்டி எறிந்தேன். நல்லூர்ப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டில் சிவப்பு நிலம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பலகையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். முன்பின் தெரியாத வீடு. அந்தப் பிள்ளை வாசலில் நின்று, "ஆச்சி, என்ன விக்கிறியள்?" என்று கேட்டது. விற்க வரவில்லை, உங்கள் நிலத்தை ஒருக்கால் மினுக்கிவிட்டுப் போகிறேன் என்றேன். பயந்துபோய்த் தாயைக் கூப்பிட்டது. தாய் நல்ல மனுசி, விட்டாள். மூன்று தரம் போனேன்.

இப்போது முடிச்செல்லாம் பலகையின் மேல்பக்கம். அடியில் பருத்தியைத் தவிர ஒன்றும் படாது. விளிம்பைச் சுற்றி, வலையில் ஓடுகிறதுபோல, ஒரு தலைக்கயிறு ஓட விட்டிருக்கிறேன். அதை ஒரு இழுவை இழுத்தால் தூசுத் துணி கழன்று வரும், கழுவிப் போடலாம். பிறகு கம்பளித் துணியை மாட்டி மினுக்கலாம். அந்தப் பிள்ளையின் வீட்டு நிலத்தில் ஒரு கீறல் விழவில்லை. சத்தியம்.

பார்சல் நாளைக்குப் போகும். கேட்டதற்கு மறுமொழி எழுது. ரோசாவைப் பற்றி எழுதாதே.

அக்கா

*

மடம்,
10.2.2024

அன்பான அக்காவுக்கு,

சமாதானம். நான் சுகம். பிந்தி எழுதுவதற்கு மன்னியுங்கள், வேலை கூட.

இரண்டாவது மொப் மிக நல்லது. கோடு இல்லை. துணி கழற்றுகிற கயிறு எல்லோருக்கும் பிடித்துவிட்டது. தடியை மட்டும் கொஞ்சம் வெட்டினேன், குறை நினைக்க வேண்டாம்.

புதன்கிழமை தபசுகாலம் தொடங்குகிறது. பாஸ்கா வரை கடிதம் இல்லை. என்னைப் பற்றிய முடிவைப் பாஸ்காவுக்குப் பிறகு சொல்வதாக மதர் சொல்லியிருக்கிறார். நிலத்தைப் பார்த்துச் சொல்வாராம். அதனால் ஒவ்வொரு நாளும் செய்கிறேன்.

டிலக்ஷிக்குப் பயிற்சி பிடித்திருக்கிறதா? கவனமாக இருக்கச் சொல்லுங்கள்.

யசிந்தா

*

குருநகர்,
26.2.2024

தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். இந்தக் கடிதம் மதரின் மேசை லாச்சிக்குள் பாஸ்கா வரை கிடக்கும் என்று தெரியும். கிடக்கட்டும்.

கொஞ்சம் வெட்டினேன் என்று எழுதியிருந்தாய். எவ்வளவு கொஞ்சம்? ஒரு அங்குலமா, ஒரு சாணா? மொப் செய்கிறவளுக்கு அளவு சொல்ல வேண்டாமா? முழங்காலைப் பற்றிக் கேட்டதற்கும் ஒரு சொல் இல்லை. எழுத்துக்கூட உன் எழுத்துப்போல இல்லை, சரிந்து சரிந்து கிடக்கிறது. மேசையில் வைத்து எழுதினாயா, மடியில் வைத்து எழுதினாயா?

டிலக்ஷி முதல் சோதினையில் வகுப்பில் இரண்டாவதாம். முதலாவது வந்தவளுக்கும் இவளுக்கும் மூன்று புள்ளி வித்தியாசம்.

அக்கா

*

குருநகர்,
13.3.2024

தங்கச்சி,

சுகம். சேமம் கேட்டு எழுதினேன் என்று வைத்துக்கொள்.

போன கிழமை உடுப்பு இரண்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையம் மட்டும் வந்துவிட்டேன். உன்னிடம் வரத்தான். றெஜி மோட்டார்சைக்கிளில் பின்னால் வந்து சேர்ந்தான். ஏசுவான் என்று பார்த்தேன், அவனோ மடத்துக்கு ஃபோன் எடுத்து என் காதில் வைத்தான். வாசல் சிஸ்ரர் கதைத்தார். தபசுகாலத்தில் ஒருவரையும் பார்க்க விடுவதில்லை என்றார். அவ இப்ப நடக்கிறாவோ என்று கேட்டேன். "ஜெபம் பண்ணுங்கோ அம்மா" என்று வைத்துவிட்டார்.

வந்ததிலிருந்து வீட்டில் உள்ள அலுமாரி, யன்னல், சுவர் எல்லாவற்றையும் தூசு தட்டுகிறேன். மகள், "அம்மா, கொஞ்சம் இருங்கோவன், வீடு தேயப்போகுது" என்கிறாள். ஜெபமும் பண்ணுகிறேன். மதர் இதை வாசித்தால் வாசிக்கட்டும்: அந்த நிலம் என் தங்கச்சியுடையது.

அக்கா

*

மடம்,
3.4.2024

அன்பான அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உங்களுக்கும் பிள்ளைகளுக்கும். நான் சுகம்.

உங்கள் இரண்டு கடிதத்தையும் பாஸ்கா அன்று காலை மதர் கையில் தந்தார். அவர் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் கோபிக்க மாட்டார்.

பெரிய சனிக்கிழமை பகல் அவர் கோயிலுக்குள் வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடுப்பாதையில் பீடம் வரை நடந்து போனார். திரும்பி வந்து வாங்குகளுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நான் கடைசி வாங்கில் இருந்தேன். என்னிடம் வந்து, "சிஸ்ரர், இந்த நிலம் உங்களிடமே இருக்கட்டும். எவ்வளவு மெதுவாக வேண்டுமோ அவ்வளவு மெதுவாகச் செய்யுங்கள்" என்றார். கொழும்புப் பேச்சு முடிந்துவிட்டது அக்கா. நான் இங்கேதான்.

இப்போது ஒரு நாளைக்கு ஆறு வாங்கு என்று செய்கிறேன். நாலு நாளில் கோயில் முழுவதும் முடியும். பிறகு திரும்பத் தொடங்குவேன். அவசரமில்லை.

ஒரு உதவி. வெட்டின தடி பிளந்துபோய் இருக்கிறது. புதுத் தடி ஒன்று செய்து அனுப்புவீர்களா? சரியாக மூன்றடி. கூட வேண்டாம். ஈயக்குண்டும் எட்டுக்குப் பதிலாக ஐந்து போதும்.

வேறு விசேஷம் இல்லை. டிலக்ஷி அந்த மூன்று புள்ளியையும் எடுத்துவிடுவாள்.

யசிந்தா

*

குருநகர்,
17.4.2024

என் தங்கச்சிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். மதருக்கு என் வணக்கத்தைச் சொல். நான் முந்தி அவரைப் பற்றி நினைத்ததை எல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

நீ அங்கேயே இருக்கிறாய் என்று வாசித்தவுடன் கடிதத்தையும் பிடித்துக்கொண்டு ஒழுங்கை முடியுமட்டும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். டிலக்ஷி, கிறிஸ்ரோபரின் செய்திகளைவிட இதைத்தான் கனபேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

தடி முடிந்துவிட்டது. வேப்பந்தடி, குகதாசன் உருட்டித் தந்தான். மூன்றடிக்கு ஒரு நூல் அளவும் கூடவில்லை. கையில் எடுத்து நின்று பார்த்தேன். இடுப்பும் நாரியும் மடிந்து நெற்றி நிலத்தில் முட்டும்போல இருந்தது. இப்படிப் பிடித்தேன், அப்படிப் பிடித்தேன், சரிவரவில்லை. நிற்கிற ஒருவருக்கு அந்தத் தடி உதவாது. பிறகு மகளின் பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டு, அதில் குந்தியிருந்து பார்த்தேன். தடியின் தலை நெஞ்சுக்கு நேரே வந்தது. இரண்டு கையும் தன்பாட்டில் போய்ப் பிடித்தன. இந்தக் கதிரையிலிருந்து அந்தக் கதிரைக்கு என்று மாறி மாறி இருந்து, விறாந்தை முழுவதும் துடைத்து முடித்தேன். நீ ஒரு நாளைக்கு ஆறு வாங்கு என்று எழுதினதன் கருத்து அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மகள் வந்து, "ஏன் அம்மா அழுறியள்?" என்றாள். வேர்வை என்றேன்.

தங்கச்சி, உன் கால் எப்போதிருந்து நிற்கவில்லை என்று கேட்க மாட்டேன். நத்தாருக்கு முதல் இரண்டு நாளைப் பற்றியும் இனிக் கேட்க மாட்டேன். நைலோனால் முடிச்சுப் போட்டது நான். அதை நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை, நான்தான் எழுத வேண்டும். என்னை மன்னித்துக்கொள். மன்னித்துவிட்டேன் என்று எழுதி ஒரு வரியை வீணாக்காதே, எனக்குத் தெரியும்.

ஈயக்குண்டு ஐந்துதான் வைத்திருக்கிறேன். இருந்துகொண்டு தள்ளுகிறவருக்குப் பலகை அகலம் கூட என்று பட்டது, ஓரங்குலம் சீவிவிட்டேன். தடியின் தலையில் பருத்திக் கயிறு சுற்றியிருக்கிறேன், உள்ளங்கை நோகாது. இன்னும் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் உள்ளதை உள்ளபடி எழுது. கையைப் பற்றி எழுது, தோளைப் பற்றி எழுது. உடம்பை மறைத்து எழுதினால் எனக்கு அளவு பிழைக்கும்.

மே மாதம் பள்ளிக்கூட லீவில் றெஜி என்னைக் கூட்டிக்கொண்டு வருவான். பார்வையறைக் கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் நீ இருப்பாய், இந்தப் பக்கம் நானும் ஒரு கதிரையில் இருப்பேன். மே மாதம் வரைக்கும் எனக்குப் பொறுக்க ஏலாது. மதரிடம் கேட்டு, புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு. யாரும் பிடித்து எழுப்பி நிற்பாட்ட வேண்டாம். கோயிலில், வாங்கில் நீ இருக்கிறபடியே எடுக்கட்டும், கால் தெரிய எடுக்கட்டும்.

உன் அக்கா,
மரியநாயகி